ராஜேஸ்வரி சொன்னதும் நான் சொன்னதும்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். நீண்ட வேலைக்காலம். பெருமையாகச் சொல்லக்கூடியவையும் சில உண்டு. அவற்றை என் பிரியாவிடைக் கூட்டத்தில் மற்றவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். அன்று மாலையைப் போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தபோது நான் சொல்லாமல் விழுங்கிய ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீதிமன்றத்தின் பெயரையும் தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். இதில் வரும் பெண்ணை ராஜேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய பெயர் அல்ல.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் நடந்தது புரியாது. நான் நோர்வூட் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்தெடுத்தார். சிங்களத்தைக் கடைத்தெருவில் கற்று, பிறகு பரீட்சை எழுதி, இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் ஆட்கள் கூண்டில் ஏறி நின்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல, போன தீபாவளிக்கு மச்சான் வந்து போனதிலிருந்து தொடங்குவார்கள். நீதிபதி கடிகாரத்தைப் பார்ப்பார். சட்டத்தரணிகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். எனக்கு உடம்பு கூசும். என் அம்மாவே அங்கே நின்று பேசுவதுபோல இருக்கும். அதனால் வெட்டத் தொடங்கினேன். பத்து வாக்கியங்களை ஒன்றாக்கிச் சிங்களத்தில் சொன்னேன். நீதிபதிகளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒருவர் திறந்த மன்றிலேயே என் மொழிபெயர்ப்பு சுத்தமாக இருக்கிறது என்றார். நம் சனங்களின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் நான் பார்த்தது என் மானத்தைத்தான்.

ராஜேஸ்வரியின் வழக்கு ஓய்வுபெற ஒரு வருடமும் சில மாதங்களும் இருக்கையில் வந்தது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அவருக்கு மனநோய் வந்து வைத்தியசாலையில் இருந்து குணமாகியிருந்தார். அதன் பிறகு கிளினிக்குக்குப் போய் மருந்தெடுத்து, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். இப்போது கணவர் நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். மனைவிக்கு நோய் திரும்பிவிட்டது, லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலியில் பெண்கள் பிடித்து வைத்திருந்த தண்ணீர்க் குடங்களை உதைத்துத் தள்ளுகிறார், அடிக்கப் போகிறார், வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்பது அவருடைய மனு. தோட்டத்திலிருந்தும் அதே மாதிரி ஒரு கடிதம் இணைத்திருந்தார்கள்.

கணவர் கெட்டவர் அல்ல. பயந்தவர். முதல் முறை நோய் வந்தபோது பட்டதை அவர் மறக்கவில்லை. வழக்கு எடுக்கப்படுவதற்கு முன் நடைபாதையில் என்னிடம் வந்து, எல்லாவற்றையும் சொன்னார். நான் நின்று கேட்டேன். என் முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது. அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் என்ன பேசுவார் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

நம் நாட்டின் மனநோய்ச் சட்டம் மிகப் பழையது. புதியது வருகிறது வருகிறது என்று என் வேலைக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பழைய சட்டத்திலும் ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று சொல்வதற்கு முன் நீதிபதி விசாரிக்க வேண்டும். அவருடைய வாயால் கேட்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அந்த வாய் நாம்தான். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரியும்.

மதிய இடைவேளைக்கு முந்திய கடைசி வழக்கு. ராஜேஸ்வரி துவைத்த சேலை கட்டி, தலை வாரி, நேராக நின்றார். நீதிபதி மரியாதையான மனிதர். அவர் சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். நான் தமிழில் "சொல்லு" என்றேன். "சொல்லுங்க" என்று வரவில்லை. அவருடைய கணவரோடு நடைபாதையில் பேசும்போது வந்த "ங்க", அவரிடம் வரவில்லை.

இவருக்காக யாராவது ஆஜராகிறார்களா, சட்டத்தரணி வேண்டுமா என்று நீதிபதி கேட்டார். அது ராஜேஸ்வரியிடம் கேட்ட கேள்வி. நான் அதைத் தமிழில் சொல்லவே இல்லை. "கணவர் வந்திருக்கிறார்" என்று நானே பதில் சொன்னேன். மனுவைப் போட்டவரே அந்தக் கணவர். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

பிறகு நீதிபதி ஏன் குடங்களைத் தள்ளினீர்கள் என்று கேட்டார். ராஜேஸ்வரி பேசத் தொடங்கினார். வேகமாகப் பேசினார். அவர் சொன்னது இன்னும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும்.

"மேல ஏழாம் நம்பர் மலையில புல்லுக்கு மருந்தடிக்கிறாங்கய்யா. அடிச்சு முடிச்சிட்டு டேங்க்க ஓடையிலதான் கழுவுறாங்க. அந்த ஓடைதாங்க நம்ம பீலிக்கு வருது. தண்ணியில மருந்து கலக்குது. புள்ளைங்களுக்கெல்லாம் வாந்தி. நான் எல்லார்கிட்டயும் சொல்லிப் பாத்தேன், பைத்தியம்னு சிரிக்கிறாங்க. குடிச்சிருவாங்களேன்னுதான் கொடத்தத் தட்டிவிட்டேன்."

இதற்கு நடுவே சின்னவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றும், தான் கிளினிக்கைத் தவறவிட்டதே இல்லை என்றும், அம்மா உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்றும் வேறு வந்தது. நான் ஏழாம் நம்பர் மலையிலேயே கேட்பதை நிறுத்தியிருந்தேன். காதில் விழுந்தது, கேட்கவில்லை. நீதிபதி என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில் ஒரே வாக்கியம் சொன்னேன். தண்ணீரில் நஞ்சு போடுகிறார்கள் என்கிறார், அதனால்தான் குடங்களைத் தள்ளினாராம்.

"கலக்குது" என்று அவர் சொன்னார். "போடுகிறார்கள்" என்று நான் சொன்னேன். மேலே தொட்டி கழுவுகிறவர்கள் இல்லை, ஓடை இல்லை, காய்ச்சல்காரப் பிள்ளை இல்லை. யாரோ தன் தண்ணீரில் நஞ்சு வைக்கிறார்கள் என்று நினைக்கும் ஒரு பைத்தியக்காரப் பெண்தான் என் வாக்கியத்தில் இருந்தார்.

நீதிபதி பேனாவை எடுத்தார். நஞ்சு போடுவது யார் என்று கேட்டார். நான் கேட்டேன்: "விஷம் போடுறது யாரு?"

ராஜேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "விஷமா? நான் அப்படிச் சொல்லலைங்களே."

இதுவரை நான் சொன்னதெல்லாம் கவனக்குறைவு என்று நீங்கள் என்னை மன்னித்துவிடலாம். இனிச் சொல்லப்போவதை அப்படி விடாதீர்கள். அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் சொன்ன முழுவதும், காதில் தங்கியிருந்தது, அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தது. லயத்தில் வளர்ந்தவனுக்கு டேங்க் கழுவுவதும் தெரியும், ஓடையும் பீலியும் தெரியும். நான் எழுந்து, ஐயா, பிழை என்னுடையது, மறுபடி சொல்கிறேன் என்றிருந்தால் ஒரு நிமிட வேலை. நீதிபதி முகம் சுளித்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் மன்று நிறைய ஆட்கள். என்னைச் சுத்தமான மொழிபெயர்ப்பாளர் என்று சொன்னவர்கள். நான் எழவில்லை. "தான் சொன்னதை இப்போது மறுக்கிறார்" என்றேன்.

அந்த வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். பொய் சொல்லத் திட்டமிட்டவன் அல்ல நான். முதலில் சொன்னதைக் காப்பாற்றுவதற்குக் கையில் அகப்பட்டதை எடுத்தேன்.

ராஜேஸ்வரிக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் ஏதோ பிழையாகப் போகிறது என்பது தெரிந்தது. குரலை உயர்த்தி, சொன்னதையே திரும்பச் சொன்னார். கூண்டிலிருந்து இறங்கி நீதிபதியின் பக்கம் வரப் பார்த்தார். பெண் பொலிஸ் கையைப் பிடித்தார். ராஜேஸ்வரி உதறினார். அது போதுமானதாக இருந்தது. பழைய நோய்க் குறிப்பு, தோட்டத்துக் கடிதம், என் வாக்கியம், இப்போது இந்த உதறல். இரண்டு வாரம் அவதானிப்பில் வைக்கும்படி கீழ்நாட்டு மனநல வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பக் கட்டளையாயிற்று. டொக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள், இரண்டு வாரம்தானே என்று சொல்லிக்கொண்டு நான் மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் ஏழு மாதமாயிற்று. அவரோடு போன காகிதத்தில் என் வாக்கியம் போயிருந்தது. அங்கே அவர் தமிழில் என்ன சொன்னாலும் அந்த வாக்கியத்தின் வழியாகத்தான் கேட்டார்கள். தண்ணீர், மருந்து, ஓடை என்று அவர் சொல்லச் சொல்ல அது நோயின் அடையாளமாகவே பதிவாயிற்று. மாத்திரையைக் கூட்டினார்கள். சித்த சுவாதீனமற்றவர் என்ற கட்டளையும் பிறகு வந்தது.

ஐந்தாவது மாதத்தில் அந்த வார்டுக்கு இளம் டொக்டர் ஒருவர் மாறுதலாகி வந்தார். சிங்களப் பெண். மட்டக்களப்பில் வேலை செய்து தமிழ் பழகியவர். அவர் ராஜேஸ்வரியோடு உட்கார்ந்து, எந்த ஓடை, எங்கே பீலி, யார் கழுவுகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். அது வரைக்கும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. டொக்டர் அந்தப் பகுதிச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுதினார். அவர் போய்ப் பார்த்தபோது ஓடைக் கரையில் மருந்து டேங்க் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அதன் பிறகு டொக்டர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். எப்படியோ என் இலக்கத்தைத் தேடிப் பிடித்திருந்தார். குற்றம் சாட்டும் குரலே இல்லை. அன்று மன்றில் ராஜேஸ்வரி தமிழில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறதா, நினைவிருந்தால் அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தர முடியுமா, கட்டளையை நீதிமன்றம் மீள்பரிசீலனை செய்ய அது உதவும் என்றார்.

எனக்கு ஓய்வுபெறப் பத்து மாதமிருந்தது. விசாரணை, எச்சரிக்கைக் கடிதம், அலுவலகத்தில் மற்றவர்களின் முகம் என்று எல்லாம் கண்முன் வந்தது.

"எத்தனையோ வழக்கு வருது டொக்டர். ஞாபகம் இல்லை" என்றேன்.

அவர் நன்றி சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டார். அவர் தன் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் போராடி ராஜேஸ்வரியை வீட்டுக்கு அனுப்பினார். வைத்தியசாலையை விட்டு வர முடிந்தது. நீதிமன்றப் பதிவில் இருந்த கட்டளை அப்படியே இருந்தது. எனக்கு மாலை போட்டார்கள்.

ஓய்வுபெற்று மூன்று வருடத்துக்குப் பிறகு, டிக்கோயாவில் என் வீட்டுக்கு ஒரு காலை ராஜேஸ்வரி வந்தார். தனியாக, பஸ்ஸில். கையில் சட்ட உதவி அலுவலகத்துச் சட்டத்தரணியின் கடிதம் இருந்தது.

"ஐயாவுக்கு என்னை ஞாபகம் இருக்குங்களா?" என்றார்.

டொக்டரிடம் சொன்ன பதில் நாக்கு நுனிக்கு வந்தது. "இருக்கு. உள்ள வாங்க" என்றேன்.

உட்கார்ந்தார். வந்த விஷயத்தைச் சொன்னார். தோட்டத்தில் அவர் பெயரை மறுபடி பதிய மறுக்கிறார்கள். கோர்ட்டுக் கட்டளை இருக்கிறது, பைத்தியம் என்று எழுதியிருக்கிறது, ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்கிறார்கள். அதை நீக்கச் சட்டத்தரணி விண்ணப்பம் போட்டிருக்கிறார். அன்று அவர் உண்மையில் சொன்னதை யாராவது சாட்சி சொன்னால் நல்லது. கணவருக்கு அன்று சிங்களத்தில் போனது என்னவென்று தெரியாது. மூத்த மகளைப் பற்றிக் கேட்டேன். தாய் இல்லாத ஏழு மாதமும் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பிறகு அங்கே பிள்ளைகள் பைத்தியக்காரி மகள் என்றதால் திரும்பிப் போகவே இல்லை. இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள் என்றார்.

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நான் அன்னைக்கு ரொம்ப வேகமாப் பேசிட்டேங்க. அதான் உங்களுக்கு வெளங்காமப் போச்சு. வார்டுல இருந்தப்ப மெதுவாப் பேசிப் பழகினேன், தனியா" என்றார்.

மனநோய் வார்டில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து மெதுவாகப் பேசிப் பழகியிருக்கிறார். பார்த்தவர்கள் அதையும் நோய் என்று எழுதியிருப்பார்கள்.

"எனக்கு வெளங்கிச்சு" என்றேன். "நீங்க அப்படிச் சொல்லலைன்னு சொன்னீங்களே, அப்பவே வெளங்கிச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப, தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

ஆமாம் என்றேன். காரணங்கள் சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்துவிட்டார். கடிதத்தை மேசையில் வைத்தார். அடுத்த மாதம் வழக்குத் தவணை, திகதி அதில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். நான்கு வருடத்துக்கும் மேலாக அவர் தன் நாக்கைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார். அதை நான் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

தவணைக்குப் போனேன். நான் வழக்கமாக உட்கார்ந்த நாற்காலியில் இப்போது ஒரு இளம்பெண் இருந்தார். நான் வேலை பழக்கிய பிள்ளை. உங்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். நான் சிங்களத்திலேயே சாட்சி சொல்லியிருக்கலாம். ஆனால் ராஜேஸ்வரிக்கும் புரிய வேண்டும் என்று தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். கூண்டில் ஏறினேன். அந்த இடத்திலிருந்து பார்த்தால் மன்று எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று அன்றுதான் கண்டேன்.

ராஜேஸ்வரி அன்று சொன்னதை, காய்ச்சலும் கிளினிக்கும் அம்மாவும் உட்பட, முழுவதும் சொன்னேன். அந்தப் பிள்ளை அழகாகச் சிங்களத்தில் கொடுத்தார். பிறகு நான், "இது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் மறுக்கிறாங்கன்னு பொய் சொன்னேன். டொக்டர் கேட்டப்பவும் பொய் சொன்னேன்" என்றேன்.

அந்தப் பிள்ளை என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, அன்று மொழிபெயர்ப்பில் ஒரு தவறு நேர்ந்துவிட்டதாகச் சாட்சி சொல்கிறார் என்று நீதிபதியிடம் சொன்னார். என் மேல் வைத்த மரியாதை. சட்டத்தரணியும் தலையாட்டினார், கட்டளையை நீக்க அதுவே போதும். நானும் பேசாமல் இறங்கியிருக்கலாம். இறங்கிவிடு என்றுதான் மனம் சொன்னது.

"இல்லம்மா," என்றேன். "பொய் சொன்னேன்னு சொல்லுங்க. ரெண்டு தடவை."

அவர் முகம் சிவந்தது. கண் கலங்கியது. ஆனால் சொன்னார், சரியாகவே சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். அது இப்போது பதிவில் இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம்.

கட்டளை நீக்கப்பட்டது. தோட்டத்தில் பெயரைப் பதிந்தார்கள். ஓடைக்கு மேலே டேங்க் கழுவுவதைச் சுகாதாரப் பரிசோதகர் வந்து போன பிறகே நிறுத்தியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஓய்வுபெற்றவனை என்ன செய்வது என்று விட்டுவிட்டார்கள் போலும். பத்து மாத வேலைக்குப் பயந்து நான் பொத்தி வைத்தது இந்த ஒன்றுமில்லாததற்காகத்தான்.

அன்று வெளியே வந்தபோது ராஜேஸ்வரி சட்டத்தரணியோடு பேசிக்கொண்டிருந்தார். என் பக்கம் வரவில்லை. மூத்த மகள் வந்தாள். கடையில் போடும் சீருடையோடு வந்திருந்தாள். அரைநாள் லீவு போலிருக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னைக்கும் நான் வந்து, பின் வாங்குல உக்காந்திருந்தேன்" என்றாள். "நீங்க சொன்னது ஒண்ணும் வெளங்கல. அதுக்கப்புறம்தான் சிங்களம் படிச்சேன். இன்னைக்கு அந்த அக்கா சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். நீங்க திருத்தலேன்னா நான் எந்திரிச்சிருப்பேன்."

சொல்லிவிட்டுத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போனாள்.

நாளைக்கு உங்கள் மன்றில் கூண்டில் ஏறும் பெண்ணுக்கு அப்படி ஒரு மகள் இருக்க மாட்டாள். நீங்கள் சொல்வது சரியா என்று பார்க்க அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். பிழை விட்டால் அந்த இடத்திலேயே எழுந்து நில்லுங்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.